மண்ணைக் கேட்கும் வளையம்

மெட்டல் டிடெக்டரின் நுனியில் இருக்கும் கறுப்புத் தட்டை வெட்டித் திறந்து பார்ப்பவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான் மிஞ்சும். எனாமல் பூசிய செம்புக் கம்பி வட்டமாகச் சுற்றப்பட்டிருக்கும். கம்பி மயிரிழை அளவும் அசையாதபடி எபாக்சி ஊற்றி இறுக்கியிருப்பார்கள். எடை கூடாமல் இருக்க இடையிடையே நுரை. தட்டின் உட்புறத்தில் கிராஃபைட் கலந்த கறுப்புப் பூச்சு. ஒரு கேபிள் அங்கிருந்து தண்டைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் பெட்டிக்குப் போகும். வேறொன்றும் இல்லை. திரை, பொத்தான், செயலி என்று பார்க்கப் பெரிதாகத் தெரிவதெல்லாம் மேலே பெட்டியில் இருக்கிறது.

ஆனாலும் இந்த வேலையில் பழுத்தவரிடம் போய் எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டால், எதைத் தேடப் போகிறீர்கள், எந்த மண்ணில், என்ன காயில் (கம்பிச் சுருள்) போடப் போகிறீர்கள் என்றுதான் அவர் திருப்பிக் கேட்பார். பெட்டி எவ்வளவு கெட்டிக்காரப் பெட்டியாக இருந்தாலும், கீழே இருக்கும் சுருள் கொண்டுவந்து சேர்க்காத செய்தியை அது தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. மண்ணோடு பேசுவது சுருள் மட்டுமே. அந்தச் சுருளைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு இயற்பியல் ஒளிந்திருக்கிறது என்று பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

அடிப்படை 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டது. கம்பிச் சுருளில் மின்னோட்டத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் அதைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் காந்தப்புலம் எந்த உலோகத்தைத் தொட்டாலும் அதற்குள் ஒரு மின்னோட்டம் சுழலத் தொடங்கும். சுழல் மின்னோட்டம் என்று பள்ளியில் படித்தது இதுதான். அந்தச் சுழற்சி தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது மேலேறி வந்து சுருளைத் தொடுகிறது. சுருளில் நுண்ணிய மின்னழுத்தம் ஒன்று எழுகிறது. பெட்டி அதைப் பெருக்கிக் காதில் கீச்சென்று ஒலிக்கிறது. கோயில் வாசலிலும் விமான நிலையத்திலும் நாம் நுழைந்து கடக்கும் கதவுச் சட்டத்துக்குள் நடப்பதும் இதுவே. அங்கே சுருள்கள் நிமிர்ந்து நிற்கின்றன, மண்ணுக்குப் பதிலாக நாம் நடந்து போகிறோம்.

போக ஒரு பயணம், வர ஒரு பயணம். இந்த இரட்டைப் பயணத்தில்தான் சுருளின் அகலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வட்டச் சுருள் ஒன்றின் நடுவில் ஒட்டினாற்போல் ஒரு சிறு காசை வைத்தால் கிடைக்கும் சமிக்ஞையை 1 என்று வைத்துக்கொள்வோம். காசைச் சுருளின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்துக்கு இறக்கினால் சமிக்ஞை எட்டில் ஒரு பங்காகிவிடும். விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்துக்கு இறக்கினால் 125-இல் ஒரு பங்கு. விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குப் போனால் 4913-இல் ஒரு பங்கு. 2-இன் கனம், 5-இன் கனம், 17-இன் கனம் என்று இந்த எண்கள் ஒழுங்காக வந்து விழுகின்றன. கல்லூரி இயற்பியலில் வரும் வட்டச் சுருளின் காந்தப்புலச் சமன்பாட்டை, போவதற்கு ஒருமுறை வருவதற்கு ஒருமுறை என இருமுறை பெருக்கினால் கிடைப்பவை இவை. 28 செ.மீ. விட்டமுள்ள சுருள் தன் விட்டத்தின் அளவு ஆழத்துக்குள் வெளிச்சத்தில் இருக்கிறது. அதைத் தாண்டினால் இருட்டு சட்டென்று கவிந்துவிடுகிறது. காசு தேடுபவர்கள் 'காயில் எவ்வளவு அகலமோ அவ்வளவு ஆழம்' என்று அனுபவத்தில் சொல்லும் கணக்கு ஏன் பெரும்பாலும் பொருந்துகிறது என்பதற்கு விடை அந்த 125-க்கும் 4913-க்கும் இடையே இருக்கிறது.

அப்படியானால் மின்னோட்டத்தைக் கூட்டினால் ஆழம் போகாதா? போகும், ஆனால் கஞ்சத்தனமாக. ஆழத்தில் சமிக்ஞை தூரத்தின் ஆறாவது அடுக்கில் தேய்கிறது. சுருளில் ஓடும் மின்னோட்டத்தை இருமடங்காக்கினால் கிடைக்கும் கூடுதல் ஆழம் சுமார் 12 சதவீதம் மட்டுமே. 30 செ.மீ. ஆழத்தில் கேட்டது இனி 33-34 செ.மீ.யில் கேட்கும், அவ்வளவுதான். மின்கலமும் சூடும் எடையும் கூடியதற்குக் கிடைத்த கூலி இது. அதே சுற்றுகள், அதே மின்னோட்டம், ஆனால் சுருளின் அகலம் மட்டும் இருமடங்கு என்றால், கணக்குப்படி அதிகபட்சம் 59 சதவீதம் ஆழம் கூடலாம். இத்தனை ஆண்டுகளில் பெட்டிக்குள் எவ்வளவோ மாறிவிட்ட பிறகும் சுருளின் அகலத்தைப் பற்றிய பேச்சு ஓயாமல் இருப்பதற்கு இந்த ஆறாவது அடுக்குதான் காரணம்.

பெரிய சுருளே நல்லது என்று இதை வைத்து முடிவுகட்டிவிட முடியாது. ஒரே மின்னோட்டமும் ஒரே சுற்றுகளும் உள்ள இரண்டு சுருள்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 15 செ.மீ., மற்றது 30 செ.மீ. அகலம். மேற்பரப்பில் கிடக்கும் ஒரு உலோகப் பொடிக்குச் சிறிய சுருள் தரும் சமிக்ஞை பெரியதைப் போல் நான்கு மடங்கு. கீழே இறங்க இறங்க இந்த இடைவெளி குறைந்து, ஏறத்தாழ 7.5 செ.மீ. ஆழத்தில் இரண்டும் சமமாகின்றன. அதற்குக் கீழேதான் பெரியதன் ஆட்சி. எந்த அகலத்தைத் தேர்ந்தாலும் ஒரு பகுதி உங்கள் கையை விட்டுப் போகிறது. வலைக்குக் கண் அளவு முடிவு செய்யும் மீனவர் எந்த மீனை விட்டுவிடலாம் என்பதையும் அதே நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார் அல்லவா, அப்படித்தான் இதுவும். தேடுபவருக்கு எது வேண்டும் என்பதைவிட, எதை அவர் இழக்கச் சம்மதிக்கிறார் என்பதே சுருளின் அகலத்தைத் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைக் கண்ணெதிரே பார்க்கச் சரியான இடம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 1851-இல் தங்க வேட்டை தொடங்கிய அந்த நிலத்தில் டனோலி, மோலியாகல், வெட்டர்பர்ன், கிங்கோவர் போன்ற சிற்றூர்களைச் சுற்றிய யூக்கலிப்டஸ் காடுகளில் இன்றும் சுருளை வீசிக்கொண்டு ஆட்கள் நடக்கிறார்கள். அங்கே தங்கம் ஆழத்தில் மட்டும் இருந்ததில்லை. 1869 பிப்ரவரியில் மோலியாகலில் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவர் மரத்தடியில் மண்ணைக் கிளறியபோது, தரைக்கு வெறும் 3 செ.மீ. கீழே 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கிடைத்தது. உருக்கி எடுத்த தங்கம் மட்டும் சுமார் 71 கிலோ. உலகில் கிடைத்தவற்றில் மிகப் பெரிய தங்கக் கட்டி என்று அறியப்படுவது அதுதான். அதன்பின் நூறாண்டுக்கும் மேல் எத்தனையோ பேர் நடந்துபோன அதே வட்டாரத்தில், 1980 செப்டம்பரில், கிங்கோவருக்குப் பக்கத்தில் கெவின் ஹில்லியர் என்பவர் காரெட் நிறுவனத்தின் ஒரு டிடெக்டரோடு போய் 27 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான ஒரு கட்டியை வெளியே எடுத்தார். 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' என்று அதற்குப் பெயர். தரைக்குக் கீழே ஏறத்தாழ ஓரடி. அவ்வளவு பெரிய தங்கம் அவ்வளவு ஆழத்தில் இருந்தால் எந்தச் சுருளும் அலறும். ஆனால் அந்தக் காடுகளில் தேடுபவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது அரைக் கிராம், கால் கிராம், அதற்கும் கீழே. அந்தப் பொடிகளும் கட்டிகளும் ஒரே சுருளுக்குக் கட்டுப்படுவதில்லை.

காரணம் அகலம் மட்டும் இல்லை, நேரமும்தான். உலோகத்துக்குள் எழும் சுழல் மின்னோட்டம் உடனே செத்துவிடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது உலோகத்தின் கடத்துதிறனையும் அதன் பருமனையும் பொறுத்தது. பருமன் இருமடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பெரிய தங்கக் கட்டியில் அது நெடுநேரம் சுழல்கிறது. அரிசி நொய் அளவுள்ள பொடியில் சில மைக்ரோ நொடிகளில் அடங்கிவிடுகிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் அதிர்வெண் அதிகமாக இருக்க வேண்டும். பொடித் தங்கத்துக்கென்றே செய்த சில கருவிகள் 45, 71 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது இதனால்தான். துடிப்பு முறையில் இயங்கும் கருவியானால், மின்துடிப்பை நிறுத்திய மறுகணமே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அகன்ற சுருளுக்கு இது எளிதல்ல. பெரிய சுருளின் நீண்ட கம்பி தன் துடிப்பிலிருந்து ஓய்ந்து அமைதியாகச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கலாம், அதற்குள் பொடியின் பதில் அடங்கிப்போயிருக்கும். சின்னத் தங்கத்துக்குச் சின்னச் சுருள் என்ற வழக்கத்துக்கு வெறும் தூரக் கணக்கு மட்டும் காரணம் இல்லை. குவார்ட்ஸ் கல்லுக்குள் நூல்நூலாக ஓடும் தங்கம் இன்னும் மோசம். மொத்த எடை கணிசமாக இருந்தாலும் மின்னோட்டம் சுழல அகன்ற இடம் கிடைக்காததால் அது கிட்டத்தட்ட ஊமையாகவே இருந்துவிடும்.

இத்தனையும் மண் குறுக்கே வராத வரைதான். மண் வரும். விக்டோரியாவின் செம்மண்ணிலும் இரும்புச் சரளையிலும் மேக்னடைட், மேக்ஹெமைட் என்னும் இரும்பு ஆக்ஸைடுகள் நிறைந்திருக்கின்றன. காட்டுத்தீ எரிந்துபோன மண்ணில் சூட்டாலும் மட்கிய இலைதழைகளாலும் சாதாரண இரும்பு ஆக்ஸைடே மேக்ஹெமைட்டாக மாறக்கூடும். பழைய அடுப்புகளும் செங்கல் துண்டுகளும் காந்தத் தன்மை கொண்டிருப்பதற்கும் இப்படிச் சூடு பட்டதே காரணம். தொல்லியலாளர்கள் மண்ணைத் தோண்டாமலே அடுப்பு எரிந்த இடத்தைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். தங்கம் தேடுபவருக்கோ அதே குணம் தலைவலி. சுருளின் காந்தப்புலம் பட்டதும் இந்தத் துகள்களும் காந்தமாகின்றன. அவற்றில் மிக நுண்ணியவை, மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ளவை, புலம் நின்ற பிறகும் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சில துகள்கள் உடனே மறக்கின்றன, சில மெல்ல மறக்கின்றன. எல்லாம் சேர்ந்து, உலோகத்தின் பதில் போலவே தோன்றும் ஒரு நீண்ட முனகலைத் தருகின்றன. ஆனால் தேயும் விதத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது. உலோகத்தின் பதில் அடுக்குக்குறி விதிப்படி மடமடவென்று விழுகிறது. மண்ணின் பதில் நேரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் நிதானமாக இறங்குகிறது. 1985-இல் அடிலெய்டில் தொடங்கிய மைன்லேப் நிறுவனத்தின் விஞ்ஞானி புரூஸ் கேண்டி இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார். நீளம் மாறும் துடிப்புகளை மாற்றி மாற்றி அனுப்பி, மண்ணின் பங்கைக் கழித்துவிடும் எஸ்டி 2000 கருவி 1995-இல் வந்தது. முந்தைய கருவிகள் ஓயாமல் கத்தியதால் கைவிடப்பட்ட நிலங்களில் அதன்பின் மீண்டும் ஆள்நடமாட்டம் தொடங்கியது.

கழித்தல் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் கழிக்க வேண்டிய மண் எவ்வளவு என்பதைச் சுருள்தான் முடிவு செய்கிறது. அகலம் இருமடங்கானால் சுருளின் பார்வைக்குள் வரும் மண்ணின் கன அளவு எட்டு மடங்கு. ஒரு பொடியின் குரலை எட்டு மடங்கு கூட்டத்துக்கு நடுவே கேட்க வேண்டியிருக்கிறது. சூடான மண் என்று தங்கம் தேடுபவர்கள் அழைக்கும் இத்தகைய மண்ணில், காகிதத்தில் ஆழமாகப் போகும் பெரிய சுருள், நிலத்தில் சிறியதைவிடக் குறைவான ஆழமே போவது அடிக்கடி நடக்கும். கடையில் காற்றில் காசை ஆட்டி ஆழம் காட்டும் செயல்விளக்கத்தை நான் ஒருபோதும் நம்பமாட்டேன். காற்றில் மண் இல்லை.

மண்ணின் கூச்சலைச் சுருளின் வடிவத்தாலேயே அடக்க முடியும் என்பதுதான் இந்தத் துறையின் மிக அழகான யோசனை. அதன் வேர் ஒரு துயரமான கோடைக்காலத்தில் இருக்கிறது. 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் எங்கோ தங்கிவிட்டது. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. மருத்துவர்கள் கழுவாத விரல்களையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியைக் கண்டுபிடித்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், உடலைத் தொடாமலே குண்டைக் கண்டுபிடிக்க முடியும் என்று சொல்லி முன்வந்தார். டேவிட் ஹியூஸ் 1879-இல் உருவாக்கியிருந்த தூண்டல் சமநிலைக் கருவிதான் அவருடைய முன்மாதிரி. ஒரு சுருளில் மாறும் மின்னோட்டம். இன்னொரு சுருளில் ஒரு தொலைபேசி. இரண்டும் பக்கத்தில் இருந்தால் முதல் சுருளின் இரைச்சல் இரண்டாவதில் கேட்கும். ஆனால் இரண்டு தட்டைச் சுருள்களைப் பாதி மூடியும் பாதி விலகியும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து மெல்ல நகர்த்தினால், ஏதோ ஓரிடத்தில் இரைச்சல் அறவே நின்றுவிடும். மூடிய பகுதிக்குள் காந்தப்புலம் ஒரு திசையில் பாய்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் அது வளைந்து எதிர்த் திசையில் திரும்பி வருகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் கூட்டல் கழித்தல் போக மிச்சம் பூஜ்யம். அந்த நிசப்தத்துக்குள் ஒரு உலோகத் துண்டு நுழைந்தால் சமநிலை குலைந்து தொலைபேசியில் குரல் எழும்.

பெல்லும் அவருடைய உதவியாளர் சம்னர் டெய்ன்டரும் இரவும் பகலும் உழைத்தார்கள். உள்நாட்டுப் போரில் சுடப்பட்டு, குண்டு உடலிலேயே தங்கிவிட்ட பழைய சிப்பாய்கள்மேல் கருவியைச் சோதித்தார்கள், வேலை செய்தது. ஜூலை 26 அன்று வெள்ளை மாளிகையில் முதல் முயற்சி. தவறாக இணைத்த ஒரு பகுதியால் இடைவிடாத சடசடப்பு கேட்டது. ஆகஸ்ட் 1 அன்று மறுபடியும். இந்த முறை பலவீனமான ஒலி, ஆனால் ஓர் இடத்தில் நில்லாமல் அகலமான பரப்பு முழுவதும் கேட்டது. பின்னர்தான் தெரிந்தது, அதிபர் படுத்திருந்த மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பிகளால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது. அந்தக் காலத்தில் அது புதுமை. பொறுப்பில் இருந்த மருத்துவர் வில்லார்ட் பிளிஸ், குண்டு வலப்பக்கம்தான் என்று உறுதியாக நம்பியதால், பெல்லை அந்தப் பக்கம் மட்டுமே தேட அனுமதித்தார். செப்டம்பர் 19 அன்று தொற்று முற்றி கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம், கணையத்துக்குப் பின்னால் கிடந்தது. பெல்லின் இயற்பியலில் பிழை இல்லை. சுருளுக்குக் கீழே இருப்பது எல்லாமே பதில் சொல்லும், தேடும் பொருளும் சொல்லும், அதன் பின்னணியும் சொல்லும். எஃகு மெத்தை அன்று செய்ததை இன்று இரும்புச் சரளை செய்கிறது.

அந்தப் பாதி மூடிய இரட்டைச் சுருள்தான் இன்று டபுள் டி என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஆங்கில எழுத்து டி-யின் வடிவில் இரண்டு சுருள்கள், முதுகும் முதுகும் சற்றே ஏறி நிற்கும்படி தட்டுக்குள் பதிக்கப்பட்டிருக்கும். ஒன்று அனுப்பும், மற்றது கேட்கும். இதன் சூட்சுமம் மண்ணில் வெளிப்படுகிறது. கீழே ஒரே சீராகப் பரவியிருக்கும் மண், மூடிய பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் எதிரெதிர்ப் பதில் தருவதால் பெருமளவு தன்னைத் தானே கழித்துக்கொள்கிறது. ஓரிடத்தில் மட்டும் கிடக்கும் தங்கமோ காசோ அப்படிக் கழிந்துபோக வழியில்லை. மிச்சம் இருப்பது நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் ஒரு குறுகிய கீற்று. அந்தக் கீற்றின் குறுக்கே தட்டை வீசும்போது ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசைத் தனியாகப் பிரித்துக் காட்டும் வாய்ப்பும் கூடுகிறது. ரோமானியர் காலத்துக் குடியிருப்புகள் மேல் உழுத இங்கிலாந்து வயல்களில் இரும்பு ஆணிகள் விதைபோலச் சிதறிக் கிடக்கும். அங்கே 15 செ.மீ. டபுள் டி சுருளோடு பொறுமையாக நடப்பவருக்குக் கிடைப்பது, 38 செ.மீ. சுருளோடு வேகமாகப் போனவருக்குத் தெரியாமல் போகும். காசும் ஆணியும் அந்தப் பெரிய வட்டத்துக்குள் ஒரே நேரத்தில் வந்து ஒரே குழப்பமான ஒலியாகிவிடும்.

ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் அமைந்த கான்சென்ட்ரிக் சுருளுக்குப் பார்வை கூம்பு வடிவம். பொருளின் மையத்தை அச்சொட்டாகக் காட்டிவிடும், சாதுவான மண்ணில் நன்றாக ஆழமும் போகும், சூடான மண்ணில் திணறும். துடிப்பு முறைக் கருவிகளில் ஒரே சுருள் அனுப்பிவிட்டு, பின் தானே கேட்கும் மோனோ அமைப்பு உண்டு. அனுப்பும் நேரமும் கேட்கும் நேரமும் வேறுவேறானதால் சமநிலை தேவையில்லை. விளிம்புவரை கூர்மையாகக் கேட்கும். விக்டோரியாவில் பொதுவாக மோனோவில் தொடங்குவார்கள், மண் பொறுக்க முடியாத இடத்தில் டபுள் டி-க்கு மாறுவார்கள். ஒரே காட்டில், சில நூறு அடிக்குள்ளேயே மண் அப்படி மாறிவிடுவதுண்டு.

வடிவமும் எடையும் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீள்வட்டச் சுருளின் மூக்கு மரவேருக்கும் புல்புதருக்கும் இடையே நுழையும், அதற்காகவே அதை விரும்புவார்கள். ஆழம் அதன் குறுகிய அகலத்தைப் பெரிதும் சார்ந்தது, நீளத்தை அல்ல. எடையை மட்டும் எவரும் கடையில் யோசிப்பதில்லை. தண்டின் நுனியில், கைப்பிடியிலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் தொங்கும் 300 கிராம் கூடுதல், சாயங்காலத்துக்குள் தோளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தோள் வலித்ததும் தட்டு தரையிலிருந்து மேலெழும். 14 செ.மீ. ஆரமுள்ள சுருள் ஐந்து செ.மீ. உயர்ந்தே வீசப்பட்டால் அந்த ஐந்தும் ஆழத்திலிருந்து நேராகக் கழிகிறது. ஆறாவது அடுக்கு உங்கள் களைப்பையும் விட்டுவைக்காது.

தங்க வேட்டையில் தவறவிட்டதற்கு விலை ஒரு துளி தங்கம். இலங்கையின் வடக்கில் ஆனையிறவைத் தாண்டி ஏ9 சாலையில் போனால் வரும் முகமாலையில் விலை வேறு. பல ஆண்டுகள் போர் முன்னரங்காக இருந்த அந்த மணல் நிலத்தில் இரு தரப்பும் கண்ணிவெடிகளைப் புதைத்தன. 2002 முதல் இலங்கையில் பணியாற்றும் ஹாலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளின் ஊழியர்கள் அங்கே மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக வேலை செய்திருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் அந்த மண்ணிலேயே பிறந்த தமிழ்ப் பெண்கள். அவர்கள் தேடுவது பிளாஸ்டிக் உடல் கொண்ட வெடி. அதில் உலோகம் என்று சொல்ல ஒரு சின்ன எஃகு ஊசியும், வெடிதூண்டியின் மெல்லிய அலுமினிய உறையும்தான். அரைக் கிராம் தங்கம் தேடுவது போன்ற வேலை, ஆனால் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது.

எனவே அங்கே சுருள் தேர்வின் முழுக் கணக்கும் திரும்பிக்கொள்கிறது. பெரிய சுருள் ஒரே வீச்சில் நிறைய இடத்தைக் கடக்கும் என்பது இங்கே லாபம் இல்லை. மேலே கிடக்கும் நுண்ணிய உலோகத்தை உரக்கச் சொல்லும், எங்கே இருக்கிறது என்பதைச் சில செ.மீ.க்குள் காட்டும் அளவான சுருளே வேண்டும். ஏனென்றால் ஒலி கேட்ட இடத்துக்கு நேர் மேலே யாரும் தோண்டுவதில்லை. சற்றுப் பின்னாலிருந்து பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி வெடியின் பக்கச் சுவரை அணுகுகிறார்கள். மையம் தவறினால் அணுகும் இடமும் தவறும். சுருளின் பார்வை ஆழத்தில் குறுகிக்கொண்டே போகும் என்பதால் ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின்மேல் நன்றாக ஏறி விழ வேண்டும். தட்டின் முழு அகலத்துக்கு ஒரே அடியாக முன்னேறினால், இரண்டு வீச்சுகளுக்கு நடுவே ஆழத்தில் யாரும் கேட்காத முக்கோணங்கள் மிச்சமாகும். இரும்பை ஒதுக்கி நல்ல உலோகத்தை மட்டும் சொல்லும் வசதி தங்க வேட்டைக்காரருக்கு வரம். இங்கே அது அணைத்து வைக்கப்படுகிறது. ஊசி இரும்பு. ஆகவே ஒவ்வொரு ஒலிக்கும் தோண்ட வேண்டும். குண்டுச் சிதறல்கள் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிட்ட முன்னரங்கில் அந்த ஒலிகள் ஓய்வதே இல்லை. எந்த அகலச் சுருளை மாட்டினாலும் ஒரு சிதறலின் குரல் பக்கத்தில் இருக்கும் ஊசியின் குரலை விழுங்கிவிடலாம்.

வடக்கின் சில நிலங்களில் இதற்கு அவர்கள் கண்ட வழி, டிடெக்டரை ஒதுக்கி வைப்பது. நீண்ட கைப்பிடியுள்ள கனமான ரேக்கால் முன்னாலிருக்கும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, இலேசான இன்னொரு ரேக்கால் அதைத் தன் பக்கம் இழுத்து அகற்றுகிறார்கள். வடக்கின் இளக்கமான மணல் அதற்கு இடம் கொடுக்கிறது. வெடி இருந்தால் அது மணலிலிருந்து பிரிந்து முழு உருவாகக் கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு ஆழம்வரை மண்ணை எடுப்பது என்பதை அந்த நிலத்தில் வெடிகள் எவ்வளவு ஆழத்தில் புதைக்கப்பட்டன என்ற அறிவு முடிவு செய்கிறது. மேக்ஹெமைட்டோ சிதறலோ அந்த ஆழத்தை ஒரு விரற்கடைகூடக் குறைப்பதில்லை. வேகமோ மிக மிகக் குறைவு, ஒரு பாதையில் ஒருவர் முழு நாளும் மண்டியிட்டாலும் கடப்பது சொற்ப இடம். 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை இணைந்த பிறகும் அந்த வேலை இந்தக் கதியிலேயே நடந்துவந்திருக்கிறது.